இரும்பு கழுவிய மண்ணில் விளையும் சொபா

பக்வீட் என்ற தானியத்தை நம் ஊரில் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். வடநாட்டில் விரத நாட்களில் குட்டு மாவில் பூரி சுடுவார்கள்; அந்தக் குட்டு இதுதான். இது நெல், கோதுமை மாதிரிப் புல்லினம் அல்ல. மூன்று பட்டை கொண்ட கரிய விதை. உடைத்தால் உள்ளே வெளிர்நிறப் பருப்பு. அரைத்த மாவில் கோதுமை மாவின் இழுவை துளியும் இருக்காது. அந்த மாவைத் தண்ணீர் விட்டுச் சேர்த்து, மெல்லிசாகத் தேய்த்து, அறுந்துபோகாத இழைகளாக வெட்டி எடுக்கும் வித்தைக்குத்தான் சொபா என்று பெயர். இவாத்தேயின் வான்கோ, நகானோவின் தொகாகுஷி, ஷிமானே மாநிலத்தின் இசுமோ ஆகிய மூன்றையும் ஜப்பானின் தலைசிறந்த சொபாக்களாகச் சொல்வார்கள். நான் கற்றுக்கொண்டது மூன்றாவதை.

மென்பொருள் வேலைக்காக ஷிமானேயின் தலைநகரான மத்சுயேவுக்கு வந்தேன். ரூபி கணினிமொழியை உருவாக்கிய மத்சுமோத்தோ யுகிஹிரோ வாழும் ஊர் அது. அதனால் சிறிய நகரமானாலும் எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை உண்டு. வார இறுதியில் அங்கிருந்து தெற்கே மலைக்குள் போய்விடுவேன். ஒக்கு இசுமோ என்கிற அந்த மலைநாட்டில் கணவனும் மனைவியுமாக நடத்தும் ஒரு சொபாக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு மாவில் கை வைக்கும் அளவுக்கு வந்தேன். கடைக்காரரை ஊரே தாய்ஷோ என்றுதான் கூப்பிடும். அந்த அம்மாள் எல்லோருக்கும் ஒகாமி-சான். அன்றைக்குப் போட்ட மாவு தீர்ந்ததும் கடையை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மாலைவரை நேரம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். தாய்ஷோ அப்படி நினைக்கவில்லை.

சொபாக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு: கத்தி பழக மூன்று நாள், தேய்க்கப் பழக மூன்று மாதம், மரத்தொட்டி பழக மூன்று வருடம். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். உண்மையில் சொபாவின் தலையெழுத்து கிபாச்சி என்னும் அந்த அகன்ற மரத்தொட்டியில், முதல் சில நிமிடங்களிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. மாவைச் சலித்துத் தொட்டியில் பரப்பி, தண்ணீரை இரண்டு மூன்று தவணையாக விட வேண்டும். மாவின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு என்பது பொதுக் கணக்கு. மழை நாளில் அது இன்னும் குறையும். அறுவடையான புது மாவில் ஈரம் நிற்பதால் அதிலும் குறையும். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் கூடினாலும் பிறகு எந்தக் கட்டையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

தண்ணீர் விட்டவுடன் பிசையக் கூடாது. சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். விரல்களைச் சற்று விரித்து, நுனி மட்டும் தொட்டியில் படும்படி நிறுத்தி, மாவைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளங்கைச் சூடு படக் கூடாது. ஒவ்வொரு துகளுக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். ஒன்று நனைந்து பக்கத்திலிருப்பது காய்ந்திருந்தால் அந்த இடத்தில் இழை அறும். மாவு முதலில் ரவைப் பதத்துக்கு வரும். அடுத்த தண்ணீரில் சிறு உருண்டைகளாகத் திரளும். நிறம் கருத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் தொட்டியிலிருந்து பச்சை வாசனை குப்பென்று எழும்பும். “கண்ணை நம்பாதே, மூக்கைக் கேளு. வாசனை வந்தாச்சுன்னா தண்ணி போய்ச் சேர்ந்தாச்சு” என்பார் தாய்ஷோ. அந்த வாசனைக்குப் பிறகுதான் உருண்டைகளை ஒன்றுசேர்த்துப் பிசையலாம். விளிம்பை உள்ளுக்கு மடித்து மடித்து அழுத்திச் சுழற்ற, மேல்புறத்தில் சாமந்தி இதழ் அடுக்கு விழும். கடைசியில் அதைக் கூம்பாக உருட்டி, உள்ளே இருக்கும் காற்றை முனை வழியாக வெளியேற்றி, அமுக்கித் தட்டையாக்குவார்கள்.

அடுத்து தேய்ப்பது. வட்டமாக விரிந்த மாவைக் கட்டையில் சுற்றி, நான்கு திசையிலும் முறைவைத்து உருட்ட, வட்டம் சதுரமாகிவிடும். வெட்டும்போது எல்லா இழையும் ஒரே நீளத்தில் விழுவதற்கான ஏற்பாடு அது. தேய்த்த மாவை மடித்து, மடிப்பின் மேல் ஒரு சிறு பலகையை வைத்து, அதன் விளிம்பை ஒட்டிக் கத்தியை இறக்குவார்கள். பலகையைக் கை தள்ளுவதில்லை. ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் கத்தியை இலேசாகச் சாய்த்தால், கத்தியே பலகையை ஓர் இழை அகலத்துக்கு நகர்த்திவிடும். பார்க்க மாயம் மாதிரி இருக்கும். பழகினால் கைக்கு வந்துவிடும். மரத்தொட்டி அப்படி எளிதில் வசப்படுவதில்லை.

இசுமோ சொபா மற்ற ஊர்ச் சொபாவைவிடக் கருப்பு. விதையை உமியோடு சேர்த்தே அரைப்பதுதான் காரணம். அந்தக் கருமையில் ஒரு துவர்ப்பும் மண்வாசமும் இருக்கின்றன. வெள்ளை வெளேரென்ற சொபா தின்று பழகியவர்கள் முதல் வாயில் முகம் சுளிப்பார்கள். எனக்கு இப்போது மற்றதெல்லாம் சப்பென்று இருக்கிறது.

1638இல் ஷினானோ நாட்டின் மத்சுமோத்தோவிலிருந்து மத்சுதாய்ரா நவோமாசா என்ற பிரபு மத்சுயேவுக்கு மாற்றலாகி வந்தபோது சொபாக் கைவினைஞர்களையும் கூட்டிவந்தார், இசுமோ சொபா அப்படித்தான் தொடங்கியது என்பது ஊர்வழக்கு. சுற்றுலாப் புத்தகங்களும் அதோடு நிறுத்திக்கொள்ளும். தாய்ஷோவுக்கு அந்தக் கதை போதாது. “பிரபு ஆளைக் கூட்டிட்டு வந்தாரு, சரி. நிலத்தையுமா கூட்டிட்டு வந்தாரு? போய்ப் பாரு” என்று ஒருநாள் மத்தியானம் கடையை அடைத்ததும் சாவியை என் கையில் கொடுத்துத் தன் சின்ன டிரக்கில் அனுப்பினார். அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. காலையில் மாவு, மத்தியானத்துக்கு மேல் மண்.

முதலில் அவர் பார்க்கச் சொன்னது கடைக்குப் பின்னால் இருந்த வயல்வெளியைத்தான். படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள். அவற்றின் நடுநடுவே, பொருத்தமே இல்லாமல், செங்குத்தான சிறு மேடுகள். ஒன்றில் ஏறிப் பார்த்தேன். உச்சியில் சில கல்லறைகளும் ஒரு பழைய மரமும் இருந்தன. இன்னொன்றில் ஒரு சிறு கோயில். சுற்றிலும் இருந்த மலை காணாமல் போய், முன்னோர் கிடக்கும் இடமும் சாமி இருக்கும் இடமும் மட்டும் வெட்டப்படாமல் மிஞ்சியிருக்கின்றன. நான் நின்ற உயரம்தான் ஒருகாலத்தில் தரைமட்டம்.

மலையைக் கரைத்தது இரும்பு மணலுக்காக. இங்கே கருங்கல் பாறை உளுத்து மணலாகிக் கிடக்கிறது. அதில் மிகச் சிறிய பங்கு கருப்பு இரும்பு மணல். சரிவை வெட்டி, வாய்க்காலில் தள்ளி, தண்ணீரை ஓடவிட்டால் இலேசான மணல் அடித்துக்கொண்டு போகும், கனமான இரும்பு மணல் அடியில் தங்கும். கீழே வயல் வைத்திருப்பவர்களுக்குச் சேறு பாதகம் செய்யாமல் இருக்க, இந்த வேலையை இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரைதான் செய்தார்கள். வேலை முடிந்த பள்ளத்தை அப்படியே விட்டுவிடவில்லை. சமன்செய்து, மண் கழுவ வெட்டிய வாய்க்காலையே பாசனத்துக்குத் திருப்பி, வயலாக்கினார்கள். உலைக்குக் கரி வேண்டும். அதற்காகக் காட்டை முப்பது வருட முறைவைத்து வெட்டினார்கள். வெட்டிய சரிவைக் கொளுத்தி, அந்தச் சாம்பலில் சொபா விதைத்தார்கள். சுமை இழுத்த மாடுகளின் எரு வயலுக்குப் போயிற்று. இன்று இந்தப் பகுதியின் நீத்தா அரிசிக்கும் மாட்டுக்கும் நாடெங்கும் பெயர். இரும்புத் தொழிலிலிருந்து பிறந்த இந்த வேளாண்மையை 2019இல் ஜப்பான் அரசு முக்கிய வேளாண் மரபாக அறிவித்தது. எங்கள் கடை மாவு வருவது இந்த மண்ணிலிருந்துதான்.

இதற்குப் பிறகு உலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. உன்னான் நகர எல்லைக்குள் யோஷிதா என்ற மலைக்கிராமத்தில் சுகாயா என்ற பழைய உலைக்களம் இருக்கிறது. 1751 முதல் 1921 வரை அங்கே இரும்பு உருக்கினார்கள். உலையை மூடி நிற்கும் பெரிய கூரைக்கட்டடம், ஜப்பான் முழுவதிலும் இப்போது மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். உள்ளே போனால் இருட்டு. கண் பழகியதும் நடுவில் மண் உலையும் இரண்டு பக்கமும் துருத்தி மேடைகளும் தெரிகின்றன. வாசலில் நிற்கும் கத்சுரா மரம் வசந்தத்தில் சில நாட்கள் மட்டும் தீப்பிடித்தாற்போலச் சிவந்து நிற்கும். இரும்புத் தெய்வம் இறங்கிய மரம் என்று ஊரார் கும்பிடுகிறார்கள்.

பழைய முறையில் உருக்குவது நின்றுவிடவில்லை. 1977இல் ஜப்பானிய வாள் பாதுகாப்புச் சங்கம் ஒக்கு இசுமோவின் யோகோத்தாவில் உலையை மீண்டும் மூட்டியது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கே உலை எரிகிறது. நாடெங்கும் உள்ள வாள் கொல்லர்களுக்கு எஃகு அங்கிருந்தே போகிறது. ஒருமுறை மூட்டினால் மூன்று பகல், மூன்று இரவு. ஏறக்குறைய 10 டன் இரும்பு மணலும் 12 டன் கரியும் விழுங்கி, இரண்டரை டன் இரும்புக்கட்டி ஒன்றை உலை தருகிறது. அதை எடுக்க உலையை உடைத்துத்தான் ஆக வேண்டும். முராகே எனப்படும் தலைமை உலைக்காரர் தீயின் நிறத்தையும் சத்தத்தையும் வைத்து எப்போது மணல், எப்போது கரி என்று முடிவுசெய்கிறார். உலை எரியும் இடத்துக்குள் நம்மை விட மாட்டார்கள். யோகோத்தாவிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் உலைக்கு அடியில் ஈரம் ஏறாமல் இருக்கப் பல அடுக்காகக் கட்டிய ஆழமான அடித்தளத்தின் மாதிரியை நிதானமாகப் பார்க்கலாம். வெளியே தெரியும் உலை சின்னது; மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேலைதான் பெரிது. அதைப் பார்த்த பிறகு, தாய்ஷோ ஏன் கத்தியைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

இந்த இரும்பு எவ்வளவு பழையது என்றால், 733இல் எழுதி முடிக்கப்பட்ட இசுமோ நாட்டு வரலாற்று ஏடு, நீத்தா மாவட்டத்து இரும்பு உறுதியானது, கருவிகள் செய்யத் தோதானது என்று குறித்து வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் நாடு முழுக்க எழுதச் சொன்ன ஏடுகளில் கிட்டத்தட்ட முழுமையாகக் கிடைத்திருப்பது இசுமோவினுடையது ஒன்றுதான். அதன் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால், மலையும் ஆறும் இன்றும் பெயர் மாறாமல் அங்கங்கே எதிர்ப்படும்.

ஒரு மத்தியானம் கொஜின்தானிக்குப் போனேன். இரு பக்கமும் தாழ்ந்த குன்று, நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு; ஆள் நடமாட்டமே இல்லை. விவசாயச் சாலை போடுவதற்கு முன் நடத்திய ஆய்வில் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதைத் தொடர்ந்து 1984இல் தோண்டியபோது சரிவில் 358 வெண்கல வாள்கள் வெளிப்பட்டன. அதுவரை ஜப்பான் முழுவதும் கிடைத்திருந்த வெண்கல வாள்களைக் கூட்டினாலும் சுமார் 300தான். நான்கு வரிசை, 34, 111, 120, 93 என்று, அலகின் விளிம்பு மேல்நோக்கி இருக்க, ஒன்றையொன்று ஒட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள். மறு ஆண்டு சில மீட்டர் தள்ளி 6 மணிகளும் 16 ஈட்டிமுனைகளும் கிடைத்தன. கிடைத்த இடத்தை இன்று அப்படியே நகல்களோடு வைத்திருக்கிறார்கள். எதிர்ச்சரிவில் ஏறி நின்று பார்க்கலாம்.

நான் அங்கே வெகுநேரம் நின்றது எண்ணிக்கைக்காக அல்ல. 358 வாள்களில் 344இன் பிடியில் சிறிதாக ஒரு பெருக்கல் குறி கீறியிருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் யாரோ உட்கார்ந்து, ஒன்றை எடுத்து, கீறி, வைத்து, அடுத்ததை எடுத்திருக்கிறார். 1996இல் மலைக்கு அந்தப் பக்கம், சில கிலோமீட்டர் தள்ளி, காமோ இவாகுராவில் மண்வாரி இயந்திரம் சாலை வெட்டும்போது 39 வெண்கல மணிகள் வெளிப்பட்டன. ஓரிடத்தில் இத்தனை மணிகள் வேறெங்கும் கிடைத்ததில்லை. பெரிய மணிக்குள் சிறிய மணியைச் செருகிப் புதைத்திருந்தார்கள். அவற்றில் பதினான்கில் அதே பெருக்கல் குறி. அந்தக் குறியின் பொருள் பற்றியும், ஏன் இவற்றைப் புதைத்தார்கள் என்பது பற்றியும் ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால், அது வேலை செய்யத் தெரிந்தவர்களின் கை. அடுத்த நாள் காலை இழை வெட்டும்போது தாய்ஷோவிடம் இதைச் சொன்னேன். “அவங்களும் காலைல எழுந்து வேலைக்குத்தானே போயிருப்பாங்க” என்றார்.

இந்த வாள்களும் மணிகளும் இப்போது தேசியச் செல்வங்கள். இசுமோ பெருங்கோயிலை ஒட்டி 2007இல் திறந்த பழங்கால இசுமோ அருங்காட்சியகத்தில் அவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். மான், ஆமை, தும்பி உருவங்கள் கொண்ட மணிகளும் உண்டு. அங்கேயே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2000இல் கோயில் வளாகத்தில் தோண்டியபோது மூன்று தேவதாரு மரங்களை ஒன்றாகக் கட்டிய தூணின் அடிப்பாகம் கிடைத்தது. குறுக்களவு சுமார் 3 மீட்டர். அது பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தூண். கோயில் ஒருகாலத்தில் 48 மீட்டர் உயரம் இருந்தது என்ற பழம்பேச்சைக் கதை என்று ஒதுக்கியவர்கள் அதற்குப் பிறகு கொஞ்சம் யோசித்தார்கள். இன்றைய கருவறை 1744இல் கட்டியது, 24 மீட்டர். பெரும்பாலான மற்றக் கோயில்களில் இரண்டு முறை கைதட்டி வணங்குவார்கள். இங்கே நான்கு முறை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வாரிகோ என்பது மூன்று வட்ட அரக்குத் தட்டுகளை அடுக்கிப் பரிமாறும் சொபா. மத்சுயேக்காரர்கள் வெளியில் போகும்போது பெட்டியில் கட்டிக்கொண்டு போனதில் வந்த பழக்கம். முதலில் பெட்டிகள் சதுரம், மூலையில் அழுக்குத் தங்குகிறது என்று மெய்ஜி காலத்தில் வட்டமாக்கினார்கள். மற்ற ஊர்களில் இழையைச் சாற்றில் முக்கிச் சாப்பிடுவார்கள். இங்கே சாற்றை இழையின் மேல் ஊற்ற வேண்டும். துருவிய முள்ளங்கி, நறுக்கிய வெங்காயத்தாள், கடற்பாசி, சீவிய உலர்மீன் எல்லாம் மேலே. மேல்தட்டை முடித்ததும் மிச்சச் சாற்றை அடுத்த தட்டில் கவிழ்த்துக்கொள்வார்கள். இன்னொன்று காமாகே: கொதிநீரில் வெந்த இழையைக் கழுவாமல், அந்தக் கலங்கிய நீரோடு கிண்ணத்தில் அள்ளி, சாற்றை நாமே அளவாக விட்டுக்கொள்வது. மாவு நல்லதா என்று காட்டிக்கொடுப்பது காமாகேதான். குளிர்காலத்தில் அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது.

ஒகாமி-சான் கைவண்ணம் தனி. ஷின்ஜி ஏரியிலிருந்து வரும் சிறு கருஞ்சிப்பியில் மிசோ சூப் வைப்பார். திருவிழா நாளில், முழுதாகக் குச்சியில் குத்திச் சுட்ட அயிலை மீனை உதிர்த்துச் சோற்றில் கலப்பார். மலைக்குள் பச்சை மீன் வந்து சேராத காலத்தில் கடற்கரை அயிலையைச் சுட்டுத்தான் விற்றார்கள். சாலை வந்த பிறகும் அந்த ருசியை இவர்கள் விடவில்லை.

இப்போது எங்கள் பக்கத்தில் அதிகம் பேசப்படுவது யோகோத்தாவின் நாட்டு வகைச் சொபா. விதை சிறிது, வாசனை அதிகம். பக்வீட் பூ தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. தேனீ வேறு செடியிலிருந்து கொண்டுவர வேண்டும். பக்கத்து வயலில் வேறு வகை போட்டால் நாட்டு வகை கலந்து கெட்டுவிடும். மலை மறைத்த தனித்தனிப் பள்ளத்தாக்குகளில் மட்டுமே தூய விதையைக் காப்பாற்ற முடியும். பெரிய மகசூல் தரும் வகையைப் போட்டால் நாலு காசு கூடக் கிடைக்கும். தெரிந்தும் இதையே விதைக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். தொட்டியில் அந்த மாவை இறக்கும் நாளில் தாய்ஷோ வானொலியை அணைத்துவிடுவார்.

ஆகஸ்டில் விதைத்து, செப்டம்பரில் வெள்ளையாகப் பூத்து, நவம்பரில் புது மாவு வரும். பழைய நாட்காட்டியின் பத்தாம் மாதமும் அதை ஒட்டியே வருகிறது. நாடெங்கும் சாமி இல்லாத மாதம் அது. எல்லாச் சாமிகளும் இசுமோவில் கூடியிருப்பதாக நம்பிக்கை. இனாசா கடற்கரையில் தீ மூட்டி அவர்களை வரவேற்கிறார்கள். காமாகே பரவியதே அந்தத் திருவிழாக் கடைகளில்தான் என்று சொல்வார்கள்.

பெரும்பாலோர் கோயிலைக் கும்பிட்டு, வாசலில் மூன்று தட்டுச் சாப்பிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறார்கள். அது பாதி இசுமோகூட இல்லை. ஜப்பான் போகிறவர்கள் தோக்கியோ, கியோத்தோவுக்கு ஒதுக்கும் நாட்களில் இரண்டை இந்த மலைக்குக் கொடுங்கள். நவம்பரில் போங்கள். ஷின்ஜியிலிருந்து மலையேறும் கிசுகி ரயில் பாதையில் வண்டிகள் மிகக் குறைவு. நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் கமேதாகே நிலையக் கட்டடத்துக்குள்ளேயே சொபாக் கடை இருக்கிறது. பக்வீட் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். முதல்முறை சாப்பிடுகிறவர்கள் கொஞ்சமாகத் தொடங்குங்கள். சாற்றில் மீன் உண்டு. சைவர்கள் உப்பு மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம், நல்ல மாவுக்கு அது போதும். மாவு தீர்ந்தால் கதவை அடைத்துவிடுவார்கள், அதனால் பதினொரு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்.